டேப்லெட்டில் ஸ்டைலஸ் பேனாவால் எழுதினால் புள்ளி விழவில்லை, ஓரத்தில் கோடும் வளைகிறது. உதவி தேவை

நோட்டுக்காரன்:
அவசரம், நாளைக்கு வகுப்பு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் பாதி விழுவதே இல்லை. வலது ஓரத்துக்குப் போனால் கோடு பேனா முனையை விட்டுத் தள்ளி விழுகிறது. ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. என்ன செய்யலாம்?

மைக்கூடு:
எந்தக் கருவி? எந்தப் பேனா, எந்த ஆப்?

வெள்ளைத்தாள்:
நிப் தேய்ந்திருக்கும். சொரசொரப்பான திரையில் சீக்கிரம் தேயும், லேசாக வைக்கிற புள்ளிதான் முதலில் அடிவாங்கும். மாற்றுங்கள்.

பழையபேனா:
கேள்வி கேட்கும் முன் கருவி என்னவென்று எழுதப் பழகுங்கள், எத்தனை தடவை சொல்வது. ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி உண்டு, ஐபேடுக்கு மட்டும்தான் அது. கிண்டில் ஸ்கிரைப் கருவியின் பேனா, சாம்சங் எஸ் பென் எல்லாம் ஈ.எம்.ஆர். என்ற மின்காந்த வகை, திரைக்குப் பின்னால் உள்ள பலகையின் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா சக்தி எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் நிப்பை மாற்று என்பது வீண் வேலை.

வெள்ளைத்தாள்:
எந்த வகையானாலும் நிப் தேயும் ஐயா.

சுவடி:
புள்ளி இல்லாவிட்டால்தான் என்ன? ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படித்தவர்களுக்குப் புரிந்தது.

மைக்கூடு:
புரிந்ததா? பதிப்பித்தவர்கள் அது எந்தச் சொல் என்று எவ்வளவு மல்லுக்கட்டினார்கள்! கையெழுத்தை டைப் எழுத்தாக மாற்றும் ஆப் புள்ளி இல்லாமல் தடுமாறத்தான் செய்யும்.

சுவடி:
எல்லோரும் டைப்பாக மாற்றுவதில்லை. நோட்ஸ் எடுப்பது எழுதும்போதே மனதில் பதியத்தான்.

நோட்டுக்காரன்:
10.3 அங்குல இ-இங்க் (காகிதம் மாதிரித் தெரியும் திரை), ஆண்ட்ராய்டு. பேனாவுக்கு சார்ஜ் கிடையாது. கூடவே வந்த நோட்ஸ் ஆப்தான்.

மைக்கூடு:
அப்போ ஈ.எம்.ஆர்.தான். கவரைப் பின்னால் மடித்துவைத்து எழுதுகிறீர்களா? அதில் காந்தம் இருந்தால் அதற்கு நேராக உள்ள இடத்தில் கோடு விலகும். கவரை முழுக்கக் கழற்றி, இரும்பு இல்லாத மேசையில் வைத்து, ஸ்கேல் பிடித்து ஓரம்வரை ஒரு சாய்கோடு மெதுவாகப் போட்டுப் பாருங்கள். புள்ளி வேறு பிரச்சினையாக இருக்கலாம், நன்றாக அழுத்தினால் விழுகிறதா?

பழையபேனா:
காந்தம் என்று நானும் சொல்ல வந்தேன்.

நோட்டுக்காரன்:
கவர்தான். கழற்றியதும் ஓரத்தில் கோடு நேராக வருகிறது. அழுத்தினால் புள்ளியும் விழுகிறது, லேசாக வைத்தால் இல்லை. நிப் மாற்றுகிறேன், நன்றி.

வெள்ளைத்தாள்:
புது நிப்பைக் கடைசிவரை தள்ளி உட்கார வையுங்கள். பாதியில் நின்றால் அழுத்தம் சரியாகப் பதியாது.