ஆற்றில் படகு கட்ட மலிவான இடம் வேண்டும்

வணக்கம். 24 அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். மரினாவில், அதாவது படகுகளை நிறுத்தும் துறையில், வாடகை கட்டுப்படியாகவில்லை. படகு வாங்கிய காசை வாடகையே தின்றுவிடும் போலிருக்கிறது. அதனால் ஆற்றில் மிதவையில் கட்டும் இடமாகத் தேடுகிறேன். கரையிலிருந்து துடுப்புப் படகில் போய்வர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

படகுக்கு அடியில் இரட்டைக் கீல் (keel), அதாவது துடுப்பு போல நீளும் இரண்டு அடித்தகடுகள். இரண்டரை அடித் தண்ணீர் போதும். கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றிச் சேற்றில் உட்கார்ந்தாலும் சாயாமல் நிற்கும். ஆகவே தண்ணீர் வற்றும் இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கியது இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அடியில் கல் மட்டும் இருக்கக் கூடாது. அப்புறம், பாய்மர உச்சி தண்ணீரிலிருந்து 34 அடி. தாழ்வான பாலத்துக்கு மேல்பக்கம் இடம் கிடைத்தும் பயனில்லை.

போன வாரம் ஓர் இடம் பார்த்தேன். வாடகை குறைவுதான். ஆனால் மிதவையை ஆற்றடி எடைக்கல்லோடு பிணைக்கும் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தால், தரையில் உரசும் பகுதியில் வளையங்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. மிதவைக்குப் பக்கத்தில் புதுசு போலப் பளபளப்பு! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கீழே கிடக்கும் எடைக்கல், சங்கிலி, இணைப்பு வளையம் இதையெல்லாம் வருடாவருடம் சோதிக்கும் செலவு வழக்கமாக யார் தலையில் விழும்? வாடகைக்கு விடுபவரா, நாமா? குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டால் அந்த மாதங்களுக்கு வாடகையைக் குறைப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.