ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

உவர்மலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சிக் கைந்நூல் அச்சுக்குப் போகிறது. பழைய றோசா பஸ்ஸை வீடாக்கிக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள், தாங்களே கிறீஸ் அடிக்கவும் பிரேக் பார்க்கவும் வண்டியை எப்படிப் பத்திரமாக உயர்த்துவது என்பது பாடம். மூன்று பொருளுக்குச் சொல் வேண்டும்: வண்டியைத் தூக்கும் ஜக், தூக்கியபின் சேசிக்குக் கீழே வைக்கும் ஸ்டாண்ட், சில்லு உருளாமல் கொடுக்கும் கட்டை.

என் வரைவில் முதலாவது 'உயர்த்தி', இரண்டாவது 'உயர்த்தித் தாங்கி'. நேற்று வகுப்பில் வாசித்தபோது ஒரு பொடியன் கேட்டான்: "சேர், ரெண்டும் ஒண்டுதானே?" இரவு முழுக்க எனக்கு நித்திரையில்லை. ஒன்றென்று நினைத்து ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுத்தானென்றால், உள்ளே ஒரு சீல் விட்டாலே போதும், வண்டி அவன்மேல் இறங்கிவிடும்.

மூதூரிலிருந்து:

மாஸ்டர், சொல் கைவசம் இருக்கிறதே. சுமைதாங்கி. யாழ்ப்பாணத்துத் தெருக்களில், மாடு உடல் உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக் கல்லும் சுமைதாங்கியும் இருந்ததை எங்கள் பாட்டன்மார் கண்டவர்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை தேடாமல் இறக்கி வைத்து ஆறுவதற்குத் தோள் உயரத்தில் கட்டியது. அது எதையும் தூக்காது, தாங்கும். உங்கள் ஸ்டாண்டின் வேலையும் அதுதானே?

வவுனியாவிலிருந்து:

மூதூர் ஐயா சொன்னது அழகு. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் குடும்பப் பாரம் சுமக்கும் அண்ணன்தான் நினைவுக்கு வருவார். புறநானூற்று 102ஆம் பாட்டைப் பாருங்கள். மேடுபள்ளத்தில் என்ன நேருமோ என்று உமணர் தங்கள் உப்புவண்டியின் கீழ்மரத்தில் 'சேம அச்சு', அதாவது காவலுக்கு ஒரு மாற்று அச்சு, கட்டிக்கொண்டு போனார்கள். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர்கள் அவர்கள். ஆகவே 'சேமத்தாங்கி' என்கிறேன். சேமம், தாங்கி இரண்டும் சேரும்போது மகரம் கெட்டு வல்லினம் மிக்கது. இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை.

மட்டக்களப்பிலிருந்து:

சேமம் வடசொல். க்ஷேமம்தான் சேமமாயிற்று. காவலுக்குத் தமிழில் ஏமம் இருக்கிறது. 'எழுமையும் ஏமாப்பு உடைத்து' என்பது குறள். ஏமத்தாங்கி என்றே வையுங்கள். விபுலானந்த அடிகள் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்; உங்கள் ஊரான திருகோணமலையின் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் இருந்தவர். அந்த ஊரிலிருந்து வரும் கைந்நூலில் ஜக், ஸ்டாண்ட் என்று அச்சாவது எனக்கு மனவருத்தம்.

வண்டிக்கும் ஒரு பெயர் வையுங்கள். 'வீட்டூர்தி' உயிரில்லாத சொல். கூடாரவண்டில் என்று எங்கள் ஆட்கள் சொன்னதை ஏன் விட்டோம்?

நிலாவெளியிலிருந்து:

நான் கராஜ்காரன், இலக்கணம் தெரியாது. மன்னிக்கவேணும். போன வருசம் கடற்கரைப் பக்கம் ஒரு வான் நிண்டது. ஜக்குக்குக் கீழ பலகை வைக்கேல்ல. ஒவ்வொரு அடிக்கும் ஜக் மணலுக்குள்ள இறங்குது, வான் ஏறேல்ல. பிறகு ஸ்டாண்டுக்குப் பதிலா சீமெந்துக் கல்லை வைச்சாங்கள், உள்ளுக்குப் பொந்து உள்ள கல். நான் பார்த்துக்கொண்டு நிக்கவே மூலையில ஒரு கோடு விழுந்துது. கத்தி ஆளை வெளியில எடுத்தம். அந்தக் கல்லு வெடிச்சா முன்னறிவிப்பே தராது.

சொல்லை விட இதை எழுதுங்கோ. பல வண்டியில கைப்பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினா நிலத்தில நிக்கிற முன்சில்லுக்குப் பிடியில்ல. அதால முன்சில்லு ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை குடுக்கவேணும். வண்டியில இருக்கிற தண்ணி டாங்கியையும் முதல்ல வெறுமையாக்கவேணும். 200 லீற்றர் எண்டால் 200 கிலோ. ஸ்டாண்டில எழுதின தொன் ஒண்டுக்கோ சோடிக்கோ எண்டும் பாருங்கோ, சிலதில சோடிக்குத்தான் எழுதியிருக்கும். வெளிநாட்டு வண்டியளில கூடவே வாற மட்டம் பிடிக்கிற கால் இருக்கு. அது மட்டம் பிடிக்கத்தான், அதை நம்பிக் கீழ போகக்கூடாது.

உவர்மலையிலிருந்து:

நிலாவெளி அண்ணை, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு பக்கமாகப் போடுகிறேன்.

ஏமத்தாங்கியை இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் "ஏமாத்துற தாங்கியோ?" என்று உண்மையாகவே கேட்டார்கள். உயிர் காக்கிற பொருளின் பெயரில் அந்த ஐயம் வரவே கூடாது. சேமத்தாங்கி எனக்குப் பிடித்த சொல், ஆனால் விளக்கப் பாட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுமைதாங்கி என்றதும் பின்வரிசையில் இருந்தவன் பேசாமல் தோளைத் தொட்டுக் காட்டினான். ஸ்டாண்டுக்கு அதையே வைக்கிறேன்.

கட்டைக்கு முட்டுக்கட்டை. தேர்ச்சில்லுக்குக் கொடுக்கிற கட்டையின் பெயர் அது. இன்று பத்திரிகையில் தடை என்ற பொருளில் மட்டும் வாழ்கிறது. சில்லடிக்கே அதைத் திரும்பக் கொண்டுவருவோம். சில்லைச் சக்கரம் ஆக்கமாட்டேன்.

ஜக், ஜக்காகவே இருக்கட்டும். 'உயர்த்தி' என்றால் மாடிக் கட்டடத்து லிப்டும் நினைவுக்கு வருகிறது. தூக்குவதற்கு வேற்றுமொழிச் சொல், தாங்குவதற்குத் தமிழ்ச் சொல் என்றிருந்தால் இரண்டும் ஒன்றென்று எவனும் மயங்கமாட்டான். 'வண்டி சுமைதாங்கியில் இருந்து, தள்ளிப் பார்த்தும் அசையாவிட்டால் மட்டும் கீழே போ' என்று தடித்த எழுத்தில் வருகிறது.

வவுனியாவிலிருந்து:

வெள்ளிக்கிழமைக்காக உடன்படுகிறேன். சேமத்தாங்கியை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து:

ஜக்குக்கு என் உடன்பாடு இல்லை. ஏமத்தையும் விடவில்லை, அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுவேன். மட்டம் பிடிக்கிற காலுக்கு ஒருவரும் சொல் தரவில்லையே? 'மட்டக்கால்' என்றால் தரம் குறைந்த கால் என்று பொருள்படாதா?