பார்க்கின்சன் மருந்தின் பக்கவிளைவு: வீட்டாரிடமும் சொல்ல வேண்டுமா?

மூத்தமகள்:
அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். பிரமிபெக்சோல் என்ற மாத்திரை தொடங்கியபின் நடையில் பழைய வேகம் திரும்பியது. மகிழ்ந்தோம். ஆனால் வாழ்நாளில் சீட்டுக்கட்டைக்கூடத் தொடாதவர், ஓராண்டுக்குள் இரவெல்லாம் கைப்பேசியில் பணம் வைத்துச் சூதாட ஆரம்பித்தார். சேமிப்பு கரைந்த பிறகுதான் மருந்துக்கு இப்படியொரு பக்கவிளைவு உண்டென்று தெரிந்தது. மருந்து எழுதிய அன்றே வீட்டில் ஒருவரிடம் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும்.

நேர்கோடு:
உங்கள் வேதனை புரிகிறது, சகோதரி. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிடும் பெரும்பாலோர் சூதாடுவதில்லையே. எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் கட்டினால் மனிதனின் பொறுப்பு எங்கே? முதல் நாளே பயமுறுத்தினால் நோயாளி மருந்தைத் தொடவே மாட்டார்.

மூத்தமகள்:
பெரும்பாலோருக்கு வருவதில்லை, உண்மை. 2010இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டம், அடங்காத பாலியல் வேட்கை, வாங்கிக் குவித்தல், கட்டுக்கடங்காமல் உண்ணுதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தவர்கள், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் இவ்வகை மருந்து எடுத்தோரில் 17.1 சதவீதம், எடுக்காதோரில் 6.9 சதவீதம். இந்த வேறுபாடு குணத்தால் வந்ததா? இந்த நோயில், மூளையில் அசைவை நடத்தும் பகுதியில் டோபமைன் வற்றிப்போகிறது. ஆசையை ஆளும் பகுதி அந்த அளவுக்குக் கெடுவதில்லை. காய்ந்த வயலுக்குத் திறந்த மடை, நீர் நிற்கும் வயலிலும் பாய்கிறது.

நடுக்கம்61:
நான் நோயாளி. இதே வகை மருந்தான ரோபினிரோல் எடுத்தபோது பொருள்களை வாங்கிக் குவித்தேன். நேர்கோடு ஐயா, அது ஆசைபோல வராது, பசிபோல வரும். தவறென்று தெரியும், கை போய்விடும். ஆனாலும், அம்மா, உங்களோடும் முழுதாக உடன்பட முடியவில்லை. என்னைக் கேளாமல் என் பிள்ளைகளிடம் சொல்வதா? நடுங்குவது கைதான், அறிவு அல்ல. முதலில் என்னிடம் சொல்லட்டும். யாரிடம் சொல்லலாம் என்று என்னையே கேட்கட்டும்.

மூத்தமகள்:
நீங்கள் உணர்ந்தீர்கள், ஐயா. அப்பா உணரவில்லை. கேட்டால் "பொழுது போகவில்லை" என்பார். மருத்துவரிடம் வாய் திறக்க வெட்கம். ஒளிப்பதும் இந்தக் கோளாறோடு சேர்ந்தே வருகிறது. அவர் சம்மதம் கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கவே இல்லையே!

நேர்கோடு:
இவ்வளவு ஆபத்தென்றால் அன்றே நிறுத்திவிட வேண்டியதுதானே?

நடுக்கம்61:
தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான ஏக்கம் வரலாம். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற இன்னொரு பார்க்கின்சன் மருந்தைக் கூட்டினாலும் அவை தணியாமல் போகலாம். எனக்கு நரம்பியல் மருத்துவர் படிப்படியாகத்தான் குறைத்தார். அந்த வெறி அடங்கியது. நடை கொஞ்சம் தளர்ந்தது. சட்டைப் பொத்தானுக்கு மறுபடியும் மனைவியின் உதவி வேண்டியிருக்கிறது.

நேர்கோடு:
சொல்வது வேறு, பயமுறுத்துவது வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் பட்ட கடனுக்கு உங்கள் தந்தைதான் பொறுப்பு. அதில் நான் மாறவில்லை.

மூத்தமகள்:
கடனை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அண்ணா. அவருடைய ஓய்வூதியமும் அதில் போகிறது. என்னை உறுத்துவது வேறு. அம்மாவின் நகை காணாமல் போன அன்று அப்பாவை எல்லோர் முன்பும் "திருடன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மருந்தைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்காது.