அன்று நான் அழுதது வேறு துக்கத்துக்கு

புதுச்சேரியில் ஒரு சின்ன நாடகக் குழுவில் சில வருடம் நடித்தேன். தானே புயலுக்குப் பிறகு நடக்கிற பண்ருட்டிப் பக்கத்துக் கதை ஒன்றைப் போட்டோம். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்குத் தோப்பை இழந்த பெரியவர் வேடம். மகளைக் கொடுத்த வீட்டுக்கே கடன் கேட்டுப் போகிறார், வெறுங்கையோடு போகக் கூடாதென்று மஞ்சப் பையில் கொஞ்சம் முந்திரிக்கொட்டை எடுத்துப் போகிறார், சம்பந்தி அதைத் திண்ணையில் ஒற்றை விரலால் திருப்பித் தள்ளிவிடுகிறார். அந்த இடத்தில் நான் அழ வேண்டும்.

அழுகை வரவில்லை. சொந்த வாழ்க்கையில் பட்ட வலியை நினைத்துக்கொள் என்றார் இயக்குநர். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பேசிய உணர்ச்சி நினைவு அது. அந்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே கடைசிக் காலத்தில் உடலின் செயல்கள் வழியாக உணர்ச்சிக்குப் போவதில்தான் அதிகம் உழைத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சரி என்று அம்மா இறந்த இரவை நினைத்தேன். பொலபொலவென்று கொட்டியது. எல்லோரும் பாராட்டினார்கள். பதினைந்து நாள் ஒத்திகையில் தினமும் அதையே செய்தேன், வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது, அதைவிடக் கொடுமை, பத்தாவது நாளுக்கு மேல் அம்மா முகத்தை நினைத்தாலும் முன்போல் எதுவும் அசையவில்லை.

ஒருநாள் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியார் ஒத்திகை பார்க்க வந்திருந்தார். திரௌபதி வேடம் கட்டியே வயதானவர். டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சாவு வீட்டுல அழற மாதிரி அழறீங்களே, இந்தப் பெரியவருக்கு இங்க யார் செத்துட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணீர் உண்மைதான், ஆனால் அந்த ஆளுடையது இல்லை.

அப்புறம்தான் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். அழுகை நான்கில் பிறக்கும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நான் அழுதது இழவு. பெரியவருக்கு நேர்ந்தது இளிவு, நாலு பேர் பார்க்க மதிப்புக் கெட்டது. அவமானப்பட்டவன் சத்தம் போட்டு அழ மாட்டான், முகத்தை மறைக்கத்தான் பார்ப்பான். இவ்வளவு தெளிவான விஷயம் பதினைந்து நாளாக எனக்கு ஏன் தெரியவில்லை என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மேடையேறிய அன்று எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. சம்பந்தியின் விரலை மட்டும் பார்த்தேன். பை சரிந்து நாலைந்து கொட்டை தரையில் உருண்டது, ஒத்திகையில் அப்படி நடந்ததே இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், ஒன்று அவர் காலடியில் கிடந்தது, அதை எடுக்கும்போது காது சுட்டது, அடுத்த வசனம் தொண்டையை விட்டு வரவில்லை, அவரும் எனக்காகக் காத்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அதற்குப் பிறகு அம்மாவை மேடைக்குக் கூட்டிப் போனதில்லை.