கடையைக் காலி செய்ததில் மிஞ்சிய கண்ணாடிகளை எங்கே விற்கலாம்?

கேள்வி (அம்பத்தூர்க்காரர்):
நாங்கள் நடத்திவந்த துணிக்கடையைக் காலி செய்துவிட்டோம். முகப்பில் இருந்த, ஏழடிக்கு மூன்றடி அளவுள்ள 12 எம்.எம். கண்ணாடிக் கதவுகள் நான்கும், அலமாரித் தடுப்புக்குப் போட்ட 5 எம்.எம். கண்ணாடிகள் சிலவும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் தடுப்பின் அலுமினியச் சட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். கதவுகளை வெட்டி, மேசைமேல் போடும் கண்ணாடியாக விற்க முடியுமா?

பதில் 1 (கண்ணாடி வேலை செய்பவர்):
வெட்ட முயலாதீர்கள் ஐயா. சட்டமில்லாத 12 எம்.எம். கதவு என்றால் அநேகமாக டஃபண்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடிதான். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பதால் அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிற்கிறது. அந்தச் சமநிலை குலைந்த நொடியில் முழுக் கண்ணாடியும் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். மூலையில் டஃபண்ட் என்பதைக் காட்டும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகச் சாய்வாகப் பார்த்தால் கருந்திட்டுகள் வரிசையாகத் தெரியும்.

ஆகவே கதவைக் கதவாகத்தான் விற்க வேண்டும். துளைகளும் வெட்டுகளும் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது என்பதால், பேட்ச் ஃபிட்டிங் (கண்ணாடி மூலையைப் பிடிக்கும் உலோகப் பிடி), ஃப்ளோர் ஸ்பிரிங் (கதவைத் தானே மூட வைக்கும், தரையில் பதிக்கும் கருவி), கைப்பிடி ஆகியவற்றைக் கழற்றித் தனியாக விற்காமல் சேர்த்தே கொடுங்கள். கண்ணாடியைவிட அவற்றுக்குத்தான் ஆள் வருவார்கள். பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடைகளிலும், கடை உள்வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களிடமும் கேளுங்கள். ஒரு கதவு ஏறக்குறைய 58 கிலோ இருக்கும். இறக்கு கூலி யாருடையது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
5 எம்.எம். கண்ணாடி பிளெயினாக (டஃபண்ட் செய்யாததாக) இருந்தால் வெட்டலாம். கொளத்தூரில் வண்ணமீன் தொட்டி செய்பவர்களிடம் சதுர அடிக் கணக்கில் பேசிப் பாருங்கள். கீறல் விழுந்ததை அவர்கள் எடுக்கத் தயங்குவார்கள். படச்சட்டக் கடைக்கு அலைய வேண்டாம், அங்கே மெல்லிய கண்ணாடிதான் போகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முத்திரை இருக்கிறது. ஒரு தடுப்புக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதை என்ன செய்வது?

பதில் 3:
பாட்டில் வாங்குபவரிடம் கலந்து கொடுக்காதீர்கள். ஜன்னல் கண்ணாடியின் கலவை சற்றே வேறு என்பதால் அவர்கள் அதைக் கலந்து எடுக்கத் தயங்குவார்கள். சில்லுகளைத் தடித்த அட்டைப் பெட்டியில் போட்டு, நாடா ஒட்டி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரின் கையிலேயே சொல்லிக் கொடுங்கள். நல்ல கண்ணாடிகளைப் படுக்க வைத்திருந்தால் இன்றே நிமிர்த்தி, அடியில் மரச்சட்டமும் இடையில் செய்தித்தாளும் வைத்துச் சுவரில் சற்றே சாய்த்து வையுங்கள். மழை ஈரம் இடையில் தங்கினால் வெண்கறை படியும், அதன்பின் தேய்த்தாலும் போகாது.