கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்து எடுத்த முதல் ஸ்கேன். ரிப்போர்ட்டில் ‘ரெட்ரோவெர்ட்டட் யூட்டரஸ்’ என்று இருந்தது. டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் டோக்கன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. “கர்ப்பப்பை திரும்பியிருந்தா புள்ள எப்படிம்மா தங்கும்?” என்று அத்தை கேட்டார். குத்திக்காட்டவில்லை, அவருக்கும் பயம்தான்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி கர்ப்பப்பை. நீளம் ஏழரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு மூத்திரப்பை மேல் சாய்ந்திருக்குமாம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்பக்கம். “தலைச்சுழி சிலருக்கு வலது, சிலருக்கு இடது இல்லையா, அப்படித்தான்” என்றார். எண்டோமெட்ரியோசிஸால், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வதால், ஒட்டிக்கொண்டு பின்னால் இழுபட்டிருந்தால்தான் கவனிக்க வேண்டுமாம். அதனால் மாதவிடாய் வலி பற்றித் துருவித் துருவிக் கேட்டார். எனக்கு அது இல்லை.

வீட்டில் அந்தச் சீட்டை அத்தையிடம் காட்டினேன். மூன்று பிள்ளை பெற்றவர், எது எங்கே இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தார். மூத்திரப்பையில் விரலை வைத்து, “அதான் உண்டானா அடிக்கடி போக வருதா?” என்றார். இப்போது என் மகளுக்கு நாலு வயசு.

பதில்:

அக்கா, என் கதை வேறு. கரு கர்ப்பப்பைக்கு வராமல் டியூபிலேயே (கருக்குழாயிலேயே) தங்கி வலி வந்து, வலது டியூபை எடுத்துவிட்டார்கள். பாதி வாய்ப்பு போய்விட்டது என்று அழுதேன். சினைப்பையும் டியூபும் பைப் மாதிரி இணைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். டியூபின் முனையில் விரல் விரலாகத் தொங்கும் சதைதான், வெளியே வந்த முட்டையைத் துழாவி உள்ளே இழுக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள் கூட முழுசாக இருக்காது. அதற்குள், சில சமயம் அடுத்த பக்கத்து முட்டையைக் கூட அது பிடித்துவிடுமாம்.

அடுத்த வருடமே உண்டானேன். ஸ்கேன் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வலது சினைப்பையில் சின்ன வளையம் ஒன்று. முட்டை வெளியேறிய இடமாம், கார்பஸ் லூட்டியம் என்றார். வலது பக்கம் டியூபே கிடையாது. இடது டியூப் எட்டிப் பிடித்திருக்கிறது அக்கா!