புதுப்பிப்பு: படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே கணினி, பிராசஸர் முடிவாகிவிட்டது

தம்பியின் பொறியியல் படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து வாங்கும் கணினிக்கு, அதன் மூளையான பிராசஸராக இன்டெல் ஐ5-12400எஃப் எடுப்பதா, ஏஎம்டி ரைசன் 5 7600 எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். நாகர்கோவில் கடைகளில் விசாரித்த பின் ரைசனையே எடுத்துவிட்டோம்.

இரண்டிலும் 6 கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) 12 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்)தான் என்பதால் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வழியில்லை. ஆனால் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் மானிட்டரில் எதுவுமே தெரியாது. ரைசன் 7600-இல் சிறிய அளவிலாவது அது இருப்பதால், கார்டு வாங்குவதைத் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிட்டு, கோடிங்கையும் இணைய வகுப்புகளையும் இப்போதே தொடங்க முடிந்தது. பெரிய விளையாட்டுகளுக்கு அது போதாது. தம்பியின் முகம் அதனால் சற்று வாடித்தான் இருக்கிறது.

12400எஃப் பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம்) இன்டெலின் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கோ 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என ஏஎம்டி அறிவித்திருப்பதால், பின்னாளில் மதர்போர்டை மாற்றாமலே பிராசஸரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமை (தற்காலிக நினைவகம்) மட்டுமே ஏற்கும். கையில் பழைய டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவர்களுக்கு, அதை ஏற்கும் மதர்போர்டுகள் கிடைப்பதால், நான் 12400எஃப்-ஐயே சொல்வேன்.

முதன்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டே இருந்தது. மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் ‘டிராம்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. புதிய ரேமைப் போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறி சுவிட்சை அணைத்துவிட வேண்டாம். இரண்டு பருவமழையும் இடியோடு இறங்கும் நம் குமரி மாவட்டத்தில், மின்சாரம் போனாலும் கணினியைச் சற்று நேரம் இயங்க வைக்கும் யூபிஎஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.